லூர்து அண்ணனின் ஐஸ் பெட்டி

நம் ஆய்வகத்தில் புதிதாகச் சேருகிற ஒவ்வொருவரும் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி கேட்பீர்கள். ரத்த மாதிரிகள் வருகிற நீலப் பெட்டியின் மூடியைப் பார்ப்பீர்கள். அதில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிப்பீர்கள். களுக்கென்று சிரித்துவிட்டு, "மேடம், இதை எழுதினது யாரு?" என்பீர்கள். சீட்டில் கொட்டை எழுத்தில் இருப்பது இவ்வளவுதான்: 'இது மீன் இல்ல. உப்பு போடாத.'

வேலையில் இருந்தவரைக்கும் அந்தக் கேள்விக்கு நான் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. "போய் வேலையைப் பாரு" என்பதோடு சரி. இப்போது ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிறேன். திட்டுவதற்கு ஆள் கிடைக்காமல் தொலைக்காட்சியைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் செல்வி போன் செய்து, "புதுப் பிள்ளைங்க வந்திருக்காங்க மேடம், வந்து ரெண்டு வார்த்தை பேசுங்களேன்" என்றாள். உடனே சுதாரித்துக்கொண்டு, "வேண்டாம், நீங்க பேசுனா திட்டுவீங்க. எழுதிக் குடுங்க" என்றாள். இன்றைக்கு உங்களுக்கெல்லாம் மேடமாக இருக்கிற முத்துச்செல்விதான் அவள். இந்தக் கதையில் அவள் கண்ணைக் கசக்குகிற இடம் ஒன்று வருகிறது. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நம் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் உங்கள் வீட்டாருக்குப் புரிகிற மாதிரி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். அவர்களும் இதைப் படிக்கட்டும். பிள்ளை தூத்துக்குடியில் என்னதான் செய்கிறது என்று தெரிந்துகொள்ளட்டும்.

நம் செல்லுக்குள் இருக்கிற மரபுக் குறிப்பிலிருந்து ஆர்.என்.ஏ. என்ற நகல்கள் எழுகின்றன. அவற்றில் சில, புரதம் செய்யச் சொல்லும். பெரும்பாலானவை அப்படி எதையும் செய்யச் சொல்லாது. ஒரு காலத்தில் அவற்றையெல்லாம் குப்பை என்று ஒதுக்கியிருந்தார்கள். பிறகுதான் தெரிந்தது, அந்தக் குப்பைக்குள்தான் அதிகாரிகளே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று. அதிலும் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்கிற பொடிசுகள் இருக்கின்றனவே, எந்தப் புரதம் எவ்வளவு உண்டாகலாம் என்று பிரேக் போடுவதே அவைதான். புற்றுச் செல் ஒன்று பிறந்த இடத்தை விட்டுக் கிளம்ப வேண்டுமானால், பக்கத்துச் செல்லோடு இருக்கிற பிடியை விட வேண்டும். நகர வேண்டும். ரத்தத்தில் இறங்க வேண்டும். வேறோர் உறுப்பில் கரையேற வேண்டும். இந்த ஒவ்வொரு படியிலும் ஏதாவதொரு மைக்ரோ ஆர்.என்.ஏ. தடுத்துக்கொண்டோ தள்ளிவிட்டுக்கொண்டோ இருக்கிறது. புற்றுக்கட்டி இவற்றை ரத்தத்திலும் கசியவிடுகிறது. அப்படியானால், கையில் கொஞ்சம் ரத்தம் எடுத்தே புற்று பரவக் கிளம்பிவிட்டதா என்று கண்டுபிடித்துவிடலாமே! இதுதான் எங்கள் கனவு. இப்போது உங்கள் கனவும் இதுதான்.

அந்தக் கனவு ஏறக்குறையப் பலித்துவிட்டது என்று நாங்கள் எல்லாரும் துள்ளிய ஒரு வாரத்தைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

செல்வி அப்போது ஆராய்ச்சி மாணவி. சாத்தான்குளத்துப் பிள்ளை. அப்பாவுக்கு அங்கே மளிகைக் கடை. சுறுசுறுப்பென்றால் அப்படி ஒரு சுறுசுறுப்பு. மார்பகப் புற்றுள்ள பெண்களின் ரத்தத்தில் குறிப்பிட்ட ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ. கூடியிருக்கிறதா என்று பார்ப்பது அவளுடைய வேலை. நோய் பரவியவர்களிடம் அது கூடுகிறது என்று வேறு இடங்களில் ஏற்கெனவே எழுதியிருந்தார்கள். நகரத்திலும் கடற்கரை ஊர்களிலும் ரத்தம் எடுத்தோம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நல்ல ஆரோக்கியமாக இருக்கிறவர்களின் ரத்தமும் வாங்கினோம். எந்தக் குழாய் யாருடையது என்று செல்விக்குத் தெரியாது. எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று மட்டும் தெரியும்.

கடற்கரைப் பக்கத்து மாதிரிகளைக் கொண்டுவருகிறவர் லூர்து அண்ணன். புன்னைக்காயல்காரர். முன்பு கடலுக்குப் போனவர். தோள்பட்டை மூட்டு விலகிய பிறகு, எங்களிடம் களப்பணியாளராக வந்து சேர்ந்தார். நோயாளிகளிடம் பேசுவது, சம்மதம் வாங்குவது, நர்சோடு உடன் இருப்பது, குழாய்களைப் பெட்டியில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவருவது எல்லாம் அவர் பொறுப்பு. அந்த ஊர்ப் பெண்கள் எங்கள் வெள்ளைக் கோட்டைப் பார்த்தால் கதவைச் சாத்துவார்கள். லூர்து அண்ணனைப் பார்த்தால் காப்பி கொடுப்பார்கள். அவர் இல்லாவிட்டால் அந்த ஆய்வே நடந்திருக்காது.

தூத்துக்குடி வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நகரத்து மாதிரிகளே பல தடவை வெதுவெதுவென்று வந்து சேரும். லூர்து அண்ணன் பெட்டி மட்டும் எப்போதும் ஜில்லென்று வரும். திறந்தால் புகை பறக்கும். "பாத்துக் கத்துக்கோங்க, இதுதான் வேலை!" என்று நானே மற்றவர்கள் முன்னால் அவரைப் பாராட்டியிருக்கிறேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டு, "நம்ம கையில கொடுத்த பொருள் என்னைக்கு மேடம் கெட்டிருக்கு?" என்பார்.

செல்வியின் முடிவுகள் ஒரு வெள்ளிக்கிழமை வந்தன. வரைபடம் போட்டுப் பார்த்தால் கண்ணைப் பறித்தது. நகரத்து மாதிரிகளில் அந்த மைக்ரோ ஆர்.என்.ஏ. தாழ்வாக இருந்தது. கடற்கரை மாதிரிகளில் உச்சாணிக்குப் போயிருந்தது. நடுவில் ஒரு குழப்பமும் இல்லை. எங்கள் இயக்குநரை நாங்கள் பெரியவர் என்போம். அவர் படத்தைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார், துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"கடற்கரைக்காரங்க ஆஸ்பத்திரிக்குத் தாமதமாத்தான் வருவாங்க. அதுக்குள்ள பரவிடும். அதைத்தான் இது காட்டுது" என்றார்.

எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள்! எனக்கும் அப்படித்தான் பட்டது. பெரியவர் அடுத்த வாரம் சென்னையில் ஒரு கருத்தரங்கில் பேச இருந்தார். இந்தப் படத்தை அங்கே காட்டிவிடுவதென்று முடிவாயிற்று. யார் எவர் என்ற விவரத்தை அதற்குள் பிரித்துப் பார்த்துவிடலாம் என்றார். எல்லாருக்கும் ஜிகர்தண்டா வந்தது. செல்வி ரெண்டு குடித்தாள்.

திங்கட்கிழமை காலையில் லூர்து அண்ணன் வந்தார். மீசை தொங்கிப் போயிருந்தது. கையில் வழக்கமான பெட்டி இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு மூடியைத் தடவிக்கொண்டு நின்றார்.

"என்ன அண்ணே?"

"மதினி ஆபரேசன் வேண்டாங்கா, மேடம்."

மதினி என்றால் அவருடைய அண்ணன் மனைவி பிலோமி அக்கா. புன்னைக்காயலில் கருவாட்டு வியாபாரம் செய்கிறவர். மார்பில் கட்டி. எங்கள் ஆய்வுக்கு ரத்தம் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். வியாழக்கிழமை அறுவை சிகிச்சைக்கு டாக்டர் நாள் கொடுத்திருந்தார். புதன் மாலை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும்.

"ஏன் வேண்டாமாம்?"

"பரவிட்டுல்லா மேடம். பொறவு எதுக்கு அறுக்கணும்னு கேக்கா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யார் சொன்னது பரவிட்டுன்னு?"

அவர் செல்வியைப் பார்த்தார். செல்வி தரையைப் பார்த்தாள். விஷயம் இவ்வளவுதான். வெள்ளிக்கிழமை ஜிகர்தண்டா குடித்த சந்தோஷத்தில் இருந்தவளிடம் லூர்து அண்ணன், "எங்க ஊர்க்காரங்க ரிசல்ட்டு எப்படி வந்திருக்கு பாப்பா?" என்று கேட்டிருக்கிறார். இவள், "உங்க பக்கத்து சாம்பிள் எல்லாத்துலயும் கூடுதலா வந்திருக்கு அண்ணே. புற்று பரவுறதைக் காட்டுறதே அதுதான்" என்று சொல்லியிருக்கிறாள். எல்லாத்துலயும் என்றால் மதினியும் அதில் உண்டுதானே. அவர் வீட்டுக்குப் போய் அழுதிருக்கிறார். வீடு முழுக்க அழுதிருக்கிறது.

எனக்கு வந்த கோபத்தில் என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுத மாட்டேன். ஆராய்ச்சி முடிவை நோயாளி வீட்டில் சொல்லக் கூடாது என்று சேர்ந்த அன்றே உங்களுக்குச் சொல்லித் தருகிறோமே, அந்தச் சட்டம் சும்மா காகிதத்தில் கிடக்கவில்லை பிள்ளைகளா. வியாழக்கிழமை பிழைக்க வேண்டிய ஒரு பெண், எங்கள் ஆய்வகத்திலிருந்து போன ஒரே ஒரு வார்த்தையால் சாகத் தயாராகிவிட்டார்.

திட்டிக்கொண்டே இருந்தவள், பாதியில் நிறுத்தினேன். செல்வி சொன்ன ஒரு சொல் என் காதிலேயே நின்றுகொண்டிருந்தது.

"ஏய், எல்லாத்துலயும்னா சொன்ன?"

"ஆமா மேடம்."

"ஒண்ணுகூட விடாம?"

"ஒண்ணுகூட விடாம."

"அந்தப் பக்கத்துலேருந்து நல்லா இருக்கிறவங்க ரத்தமும் வந்திருக்கே. அதுலயுமா கூடும்?"

நான் திரும்பி லூர்து அண்ணனைப் பார்த்தேன். ஆரோக்கியமானவர்கள் வேண்டும் என்றபோது, "என்னை விட ஆரோக்கியமானவன் எவன் இருக்கான்?" என்று முதல் ஆளாகக் கையை நீட்டிக் கொடுத்துவிட்டு, அதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவர் அவர். விவரத்தைப் பிரித்துப் பார்த்தோம். எல்லாக் குழாய்களிலும் உயரமாக இருந்தது அவருடையதுதான். எங்கள் படத்தின்படி, தூத்துக்குடி மாவட்டத்திலேயே மிக மோசமாகப் புற்று பரவியிருக்கிற ஆள் லூர்து அண்ணன்.

செல்வி பொசுக்கென்று அழுதுவிட்டாள். "அண்ணே, உங்களுக்கு எங்கயாவது வலிக்குதா? எடை குறையுதா?"

அவர் மிரண்டு போய்த் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "காலையில இட்லி கூடுதலாத் தின்னுட்டேன். அது மட்டுந்தான் கனமா இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு வந்த பிறகுதான் மூளையும் வேலை செய்தது. இந்த மனுஷனுக்கு ஒன்றுமில்லை என்றால், கோளாறு ரத்தத்தில் இல்லை. ரத்தம் வந்த வழியில் இருக்கிறது. ஆனால் எங்கே? நர்ஸ் நல்லவள். ஊசி சரி. குழாய் சரி. நேரம் சரி. பெட்டியோ எங்களிடம் இருப்பதிலேயே நன்றாக வருகிற பெட்டி. அதைத்தான் நான் எல்லாருக்கும் காட்டிப் பாராட்டிக்கொண்டிருக்கிறேனே!

மத்தியானம் வரைக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. சாப்பிட உட்காரும்போது லூர்து அண்ணன் தயங்கித் தயங்கி வந்து, காலையில் கொண்டுவந்த பெட்டியை என் மேசைமேல் வைத்தார். அதில் மாதிரி எதுவும் இல்லை. மதினி கொடுத்தனுப்பிய விளைமீன்தான் இருந்தது. "இத்தன நாளா என்னைப் பாத்துக்கிட்டாங்கல்லா, கடைசியா அந்த மேடத்துக்குக் குடுத்துட்டு வா" என்று சொல்லி அனுப்பியிருந்தார் பிலோமி அக்கா.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மீனைத் தூக்கினேன். வளையவில்லை. மேசையில் வைத்தேன். டொக் என்றது.

"அண்ணே, இதென்ன கல்லு மாதிரி இருக்கு? வெறும் ஐஸ்ல வச்சா இப்படி விறைக்காதே?"

அவருக்கு அந்த நிலைமையிலும் முகம் மலர்ந்தது. "வெறும் ஐஸ் எங்க மேடம் தாங்கும்? ஐஸை உடைச்சுப் போட்டு, மேல கல்லுப்பைத் தூவணும். அப்பத்தான் கடுங்குளிர்ச்சி நிக்கும். பஸ்ல எவ்வளவு நேரம் ஆனாலும் மீன் அப்படியே இருக்கும்."

நான் மெதுவாகக் கேட்டேன். "ரத்தப் பெட்டிக்கும் அப்படித்தான் செய்வீங்களா?"

"பொறவு? பெட்டிக்குள்ள வைக்க நீங்க குடுத்த அந்த நீல ஐஸ் பை, பஸ் முக்காணி தாண்டுறதுக்குள்ள அவிஞ்சு போவுது. மீனுக்கே இவ்வளவு பாக்கோம், மனுச ரத்தத்துக்குப் பாக்க மாட்டோமா? அதுக்கு ரெண்டு கை உப்பு கூடுதலாவே போடுவேன்."

செல்விக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. புதியவர்களுக்காகச் சொல்கிறேன். எடுத்த ரத்தம் குளிர்ச்சியாக இருக்கலாம். சுழற்றி, சிவப்பணு கீழே தங்க மேலே நிற்கிற தெளிநீரைப் பிரிக்கிறவரைக்கும் உறையக் கூடாது. உப்புப் போட்ட ஐஸ், தண்ணீர் உறைகிற நிலைக்கும் கீழே போய்விடும். குழாயின் ஓரத்தில் இருக்கிற ரத்தம் உறையும். உறைந்தால் சிவப்பணு வெடிக்கும். சிவப்பணுவுக்குள் என்ன இருக்கிறது தெரியுமா? நாங்கள் தேடிக்கொண்டிருந்த அதே மைக்ரோ ஆர்.என்.ஏ. மூட்டை மூட்டையாக இருக்கிறது. அது தெளிநீரில் கொட்டிவிட்டால், புற்றுக் கட்டியிலிருந்து கசிந்ததா வெடித்த சிவப்பணுவிலிருந்து வந்ததா என்று மெஷினுக்குத் தெரியாது. தெளிநீர் நன்றாகச் சிவந்துபோன குழாய்களைச் செல்வி ஒதுக்கித்தான் வைத்திருக்கிறாள். இலேசாக ரோஸ் நிறம் தட்டியவற்றை, பரவாயில்லை என்று எடுத்துக்கொண்டுவிட்டாள். ஆக, நாங்கள் அளந்தது புற்று பரவியதை அல்ல. லூர்து அண்ணனின் பாசத்தை அளந்திருக்கிறோம். செல்வி கடற்கரைப் பிள்ளையாக இருந்திருந்தால் அந்தப் பெட்டியைத் திறந்த முதல் நாளே கண்டுபிடித்திருப்பாள். சாத்தான்குளத்தில் ஐஸை ஜிகர்தண்டாவில்தான் பார்ப்பார்கள்.

நினைப்பது மட்டும் போதாது, காட்ட வேண்டும். என் கையிலிருந்தே ரத்தம் எடுக்கச் சொன்னேன். ஒரு குழாயை நீலப் பையோடு வைத்தோம். இன்னொன்றை லூர்து அண்ணனிடம் கொடுத்து, "வழக்கம்போலச் செய்யுங்க. ஒரு குறையும் வைக்காதீங்க" என்றேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்துக்கொண்டே உப்பைத் தூவினார். புன்னைக்காயல் பஸ்ஸுக்கு ஆகிற நேரம் அதை வராந்தாவில் வைத்தோம்.

அந்த இடைவேளையில் பெரியவருக்குப் போன் செய்தேன். சென்னைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"அந்தப் படத்தைக் காட்டாதீங்க சார்."

"என்னம்மா சொல்றீங்க? நிகழ்ச்சி நிரல்ல போட்டாச்சு. நிரூபணம் இருக்கா?"

"நாளைக்கு இருக்கும்."

"இல்லாமப் போச்சுன்னா?"

"இல்லாமப் போச்சுன்னா நானே சென்னைக்கு வந்து மேடையில படத்தைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன் சார்."

அந்தப் பக்கம் நிகழ்ச்சி நிரலைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "சரி, வேற ஏதாவது பேசிச் சமாளிக்கிறேன்" என்றார். அவர் நல்ல மனுஷர். சொல்ல வேண்டிய நேரத்தில் சொன்னால் கேட்பார். உங்கள் மேலதிகாரிகளும் அப்படித்தான். நீங்கள்தான் பயந்து சாகிறீர்கள்.

செவ்வாய் மாலை முடிவு வந்தது. நீலப் பையோடு இருந்த என் ரத்தம் சாதுவாக இருந்தது. உப்பு ஐஸில் இருந்த என் ரத்தம் உச்சாணிக்குப் போயிருந்தது. "மேடம், உங்களுக்கு நேத்து மத்தியானத்துலேருந்து சாயங்காலத்துக்குள்ள பரவிடுச்சு" என்றாள் செல்வி. திங்கட்கிழமைக்குப் பிறகு அப்போதுதான் அவள் சிரித்தாள்.

புதன் காலை நானும் செல்வியும் லூர்து அண்ணனும் புன்னைக்காயலுக்குப் போனோம். வழியெல்லாம் செல்வி, "பரவலைன்னு சொன்னதும் சந்தோஷப்படுவாங்க இல்ல மேடம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பிலோமி அக்கா வீட்டு முற்றத்தில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. அவர் கட்டிலில் புகைப்படங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருந்தார்.

"வாங்க மேடம். நல்ல நேரத்துக்கு வந்தீங்க. இதுல எந்தப் போட்டோ நல்லா இருக்குன்னு சொல்லுங்க. இவனுவளுக்கு ஒண்ணும் தெரியல."

"எதுக்கு போட்டோ?"

"போஸ்டருக்குத்தான். கண்ணீர் அஞ்சலின்னு ஒட்டுவாங்கல்லா. போன மாசம் ஒருத்திக்கு ஒட்டுனானுவ, பாவம், ஆதார் கார்டு போட்டோவைப் போட்டுட்டானுவ. அடையாளமே தெரியல. எனக்கு அப்படி ஆவக் கூடாது. இதுல மூக்குத்தி நல்லாத் தெரியுது, பாருங்க."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "நாளைக்கு ஆபரேசனுக்குப் போற ஆளுக்கு எதுக்கு போஸ்டர்?" என்று சத்தம் போட்டேன்.

அவர் சத்தம் போடவில்லை. "பரவிட்டுன்னு ஒங்க மிசினே சொல்லிட்டுல்லா. பொறவு அறுத்து என்னத்தக் காணப் போறேன்? இருக்க கொஞ்ச நாளைக்கு முழுசா இருந்துட்டுப் போறேன் மேடம்."

முழுசா என்று அவர் சொன்னது என்னைக் குத்தியது. நான் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நடந்தது அத்தனையையும் சொன்னேன். சிவப்பணு, வெடிப்பு, மெஷின், என் ரத்தம், எல்லாம். ஒளிக்காமல் சொன்னேன். அவர் கண்ணை இடுக்கிக் கேட்டுக்கொண்டே வந்தார். உப்பு என்ற இடம் வந்ததும் தலையை நிமிர்த்தினார்.

"ஏலே லூர்து, இங்கன வா."

லூர்து அண்ணன் கதவோரத்திலிருந்து வந்தார்.

"என் ரத்தத்தை என்னலே செஞ்ச?"

"கெட்டுப் போயிரக் கூடாதுன்னுதான் மதினி..."

"நான் என்ன விளமீனாலே? கருவாடு போடுததுக்கே நான் மீனப் பாத்து ஆயிரம் யோசன பண்ணுவேன். நீ என்னைய பஸ்லயே வச்சு கருவாடு போட்டுட்டியேலே!"

முதலில் சிரித்தது அவர்தான். கட்டில் ஆடுகிற அளவுக்குச் சிரித்தார். பிறகு லூர்து அண்ணன் சிரித்தார், செல்வி சிரித்தாள், என்னாலும் அடக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரி, சாவு வீட்டில் என்ன சிரிப்பு என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

சிரிப்பு அடங்கியதும் பிலோமி அக்கா முகம் மாறியது. என் கையைப் பிடித்தார்.

"அப்போ எனக்குப் பரவலைன்னு சொல்லுதீங்களா?"

இந்த இடத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். செல்வி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். லூர்து அண்ணன் கும்பிடாத குறையாக நின்றார். ஆமா, பரவலை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் உடனே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். என் நாக்கு நுனிவரைக்கும் அந்த வார்த்தை வந்துவிட்டது. நான்கு நாளாக இந்த வீட்டை ஆட்டி வைத்தது தெரியாததைத் தெரிந்ததாகச் சொன்ன ஒரு பேச்சு. இப்போது நான் சொல்ல நினைத்ததும் அதே வகைப் பேச்சுதான், இனிப்பாக இருக்கிறது என்பதைத் தவிர.

"அதையும் என்னால சொல்ல முடியாது அக்கா" என்றேன். "எங்க பரிசோதனைக்கு அதைச் சொல்ற தகுதி இல்லை. பரவியிருக்குன்னும் தெரியாது, பரவலைன்னும் தெரியாது."

செல்விக்கு முகம் விழுந்துவிட்டது.

"ஸ்கேன் பாத்துட்டு டாக்டர் என்ன சொன்னாரு?"

"வேற எங்கயும் போனதாத் தெரியலன்னு சொன்னாரு."

"அவர் பாத்தது உங்க உடம்பை. நாங்க பாத்தது லூர்து அண்ணன் போட்ட உப்பை. அவரை நம்புங்க. கட்டியை எடுத்து, பரவுனா முதல்ல போய் நிக்கிற அக்குள் நெறிகட்டியையும் பாத்தாத்தான் முழுசாத் தெரியும்."

"அங்கன இருந்துச்சுன்னா?"

"அதுக்கும் வைத்தியம் இருக்கு. அது அப்ப பாக்கிற பாடு. ஆனா தள்ளிப் போட்டீங்கன்னா, இப்ப இல்லாததும் நாளைக்கு வந்துரும்."

அவர் என் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்தார். பிறகு கையை விட்டார்.

"தெரியலன்னு சொல்லுதியே, நீ நெசத்தச் சொல்லுத" என்றார். மேடமும் மரியாதையும் போன இடம் தெரியவில்லை. எழுந்து போய்ப் பையில் சேலை எடுத்து வைக்கத் தொடங்கினார்.

செல்வி அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். "நான்தான் அக்கா தப்பா சொன்னது" என்று ஆரம்பித்தவள், முடிக்க முடியாமல் கண்ணைக் கசக்கினாள்.

"ஏளா, அழாத. காலையில ஏதாச்சும் சாப்பிட்டியா?" என்றார் பிலோமி அக்கா. ஆபரேசனுக்குப் போகிறவர் எங்களுக்குச் சோறு போட்டுவிட்டுத்தான் கிளம்பினார்.

வியாழக்கிழமை அறுவை சிகிச்சை நடந்தது. நெறிகட்டியில் நோய் இல்லை என்று பிறகு அறிக்கை வந்தது. அதைச் சொன்னது டாக்டர். சொல்ல வேண்டியவர் அவர்தான். லூர்து அண்ணன் எனக்குப் போன் செய்து அழுதார். நானும் திட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் படமா? கெட்ட மாதிரிகளை எல்லாம் தூக்கிப் போட்டோம். புதிதாக எடுத்தோம். கடற்கரைக்கும் நகரத்துக்கும் இருந்த அந்தப் பிரமாதமான வித்தியாசம் போன இடம் தெரியவில்லை. சிவப்பணுவில் இல்லாத வேறொரு மைக்ரோ ஆர்.என்.ஏ. மட்டும் பரவியவர்களிடம் கொஞ்சம் கூடியிருந்தது. கண்ணைப் பறிக்காத, சாதாரணமான ஒரு படம். செல்வி அதை வைத்துத்தான் பட்டம் வாங்கினாள். இன்றைக்கும் நீங்கள் அதன்மேல்தான் வேலை செய்கிறீர்கள். ஒவ்வொரு குழாயின் நிறத்தையும் இயந்திரத்தில் அளந்த பிறகுதான் சேர்க்க வேண்டும் என்று அவள் உங்கள் உயிரை எடுக்கிறாளே, ஏன் என்று இப்போது தெரிகிறதா? ஒரு முடிவு கண்ணைப் பறித்தால் முதலில் சந்தேகப்படுங்கள். அதற்கு ஒரு காரணம் உடனே அழகாகப் பொருந்திவிட்டால் இன்னும் கூடுதலாகச் சந்தேகப்படுங்கள். நன்றாக வருகிற பெட்டியையும் திறந்து பாருங்கள்.

லூர்து அண்ணனை வேலையை விட்டு எடுக்க வேண்டும் என்று அப்போது சிலர் பேசினார்கள். நான் பேசிய பேச்சில் அவர்கள் அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை. உறையக் கூடாது என்று நாங்கள் அவருக்குச் சொல்லவே இல்லை. ஜில்லென்று வேண்டும் என்று மட்டும்தான் சொன்னோம். கேட்டதைக் கேட்டதற்கும் மேலாகச் செய்தார் மனுஷர்.

மூக்குத்தி தெரிகிற அந்தப் போட்டோ இப்போது பிலோமி அக்காவின் கருவாட்டுக் கடை பிளெக்ஸில் இருக்கிறது. ஒரு ஆள் உயரத்துக்குச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். வருஷா வருஷம் டாக்டரிடம் காட்டிவிட்டு, அப்படியே நம் ஆய்வுக்கும் ரத்தம் கொடுக்க வருவார். முதல் தடவை வந்தபோது பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, செல்வியின் மார்க்கரைப் பிடுங்கி, மூடியில் ஒட்டுவதற்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தக் கையெழுத்தைத்தான் நீங்கள் பார்த்துச் சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள், ஆனால் கிழித்துவிடாதீர்கள்.

எனக்கு வழியனுப்பு விழா நடந்த அன்றும் வந்திருந்தார். எல்லாரும் மாலையும் கையுமாக நிற்க, இவர் நேராக நீலப் பெட்டியிடம் போனார். மூடியைத் திறந்து, உள்ளே இருந்த ஈரத்தை விரலால் தொட்டு, நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு இல்ல. இப்ப எடுங்க" என்று கையை நீட்டினார்.